ஊழியன் கையும் காந்தச் சுருளும்

நூலின் பெருமையைப் பக்கங்களை எண்ணி அளப்பவர் எவரும் இலர். 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வெளிவந்த ஒரு சிறு நூல் 66 பக்கங்களே கொண்டது. அதனை எழுதியவர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். அரண்மனை வைத்தியரும் அல்லர். ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் மருந்து கலந்து கொடுத்தும் ரண சிகிச்சை செய்தும் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவரே அவர். ‘நடுக்குவாதம் பற்றிய ஒரு கட்டுரை’ என்பது நூலின் பெயர். இன்று உலகெங்கும் பார்க்கின்சன் நோய் என வழங்கும் பிணிக்கு அவர் பெயர் அமைவதற்குக் காரணமாக இருந்தது இச்சிறு நூலே.

இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலை இப்பொழுது எடுத்து ஆராய்வானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. பார்க்கின்சன் நோயினால் நடை தளர்ந்தவர்களுக்கு, மண்டையைத் திறவாமலே, தலையின் வெளிப்புறத்தில் இருந்தபடி காந்த விசையாலோ மெல்லிய மின்சாரத்தாலோ மூளையைத் தூண்டி நடையைச் சீர்செய்யலாம் என்னும் பேச்சு கடந்த முப்பது ஆண்டுகளாக ஆராய்ச்சி உலகில் நடைபெற்று வருகின்றது. பயன் உண்டு என்பார் ஒரு சாரார்; இல்லை என்பார் மற்றொரு சாரார். வீட்டில் நோயுற்ற தந்தையையோ தாயையோ வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இவ்விரண்டில் எதனை நம்புவது? புதிய சரக்கை நிறுப்பதற்குப் பழைய தராசு உதவுவதுண்டு. பார்க்கின்சனின் நூல் அத்தகைய தராசு என்பது நம் கருத்து. அதன் நிறையும் குறையும் இன்றைய ஆராய்ச்சிகளின் நிறை குறைகளை எடுத்துக் காட்டுகின்றன. அதனை இங்கே ஆராய்வோம்.

நூலாசிரியர் கண்ட நடை

நூல் ஐந்து அதிகாரங்களாக அமைந்துள்ளது. நோயின் இலக்கணமும் வரலாறும் முதல் அதிகாரம். அந்நோய்க்கே உரிய அடையாளங்கள் இரண்டாவது. பிற நோய்களிலிருந்து அதனைப் பிரித்தறியும் முறை மூன்றாவது. நோய்க்குக் காரணம் நான்காவது. சிகிச்சை ஐந்தாவது. முதல் அதிகாரத்தில் ஆறு நோயாளிகளின் வரலாறுகள் வருகின்றன. அவர்களுள் எல்லாரையும் ஆசிரியர் முறையாகப் பரிசோதிக்கவில்லை. இருவரைத் தெருவில் தற்செயலாகக் கண்டு பேசினார். ஒருவரைத் தொலைவில் நின்று பார்த்ததோடு சரி. இன்றைய மருத்துவ இதழ் எதற்கேனும் இத்தகைய கட்டுரையை அனுப்பினால், ஆறு பேரை வைத்து ஒரு நோயா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவ்வாறாயின் இந்நூல் இத்தனை காலம் நிலைத்தது எப்படி? ஆசிரியரின் கண்தான் காரணம். அவர் வைத்தியர் மட்டுமல்லர். பூமியில் புதைந்து கல்லாகிப்போன பழைய உயிரினங்களை ஆராய்ந்து 1804 முதல் 1811 வரை மூன்று பெருந்தொகுதிகள் வெளியிட்டவர். கல்லில் பதிந்த சிப்பியையும் சிப்பியையும் வேறுபடுத்திப் பழகிய கண், தெருவில் நடந்துபோகும் மனிதரின் நடையையும் நடையையும் வேறுபடுத்திக் கண்டது.

மூன்றாம் நோயாளியைக் குறித்து அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். அவர் ஏறத்தாழ 65 வயதினர்; முன்னாளில் மாலுமி. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் பல மாதம் அடைபட்டுக் கிடந்ததே தம் நோய்க்குக் காரணம் என்று நம்பியவர். உடல் முன்னே வளைந்து, தலை அதற்கும் முன்னே நீண்டு நின்றபடியால் அவரால் நடக்கவே இயலவில்லை, ஓடத்தான் முடிந்தது. ஐந்தாறு அடிக்கு ஒருமுறை கைத்தடியின் நுனியைத் தரையில் வேகமாக ஊன்றி, அந்த உந்துதலால் தம் உடலை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் ஓடுவாராம். இதனைப் படிக்கும்போது அம்மனிதர் நம் கண்முன்னே தெருவில் போவது தெரிகின்றது அன்றோ?

‘நடுக்குவாதம்’ என்னும் தலைப்பு பலரை ஏமாற்றிவிட்டது. நூல் முழுவதும் கை நடுக்கத்தைப் பற்றியது என்றே எண்ணிவிட்டார்கள். இரண்டாம் அதிகாரத்தைப் படிப்பவர் அவ்வாறு எண்ணமாட்டார். இந்நோய்க்கே உரியவை என ஆசிரியர் அங்கே எடுத்துக்கொள்ளும் அடையாளங்கள் இரண்டு: உறுப்பு ஓய்ந்திருக்கும்போதும் நிற்காத நடுக்கம் ஒன்று, நடக்கத் தொடங்கி ஓட்டமாக மாறிவிடும் விரைநடை மற்றொன்று. ஆகவே நடுக்கத்துக்கு ஒப்பாக நடையையும் வைத்தார் என்பதே நேரிய கூற்று.

இனி ஐந்தாம் நோயாளிக்கு வருவோம். ஆசிரியர் தொலைவிலிருந்து மட்டுமே கண்டவர் இவர்தாம். இவராலும் ஓட்டமாகவன்றி நகர முடியாது. அவ்வோட்டத்தைத் தொடங்குவதும் எளிதன்று. ஊழியன் ஒருவன் அவர் எதிரே நின்று இரு தோள்களிலும் கை வைத்துக்கொள்வான். அவர் மெல்ல முன்னும் பின்னும் ஆடி உடலை நிலைப்படுத்திக்கொள்வார். பிறகு குறிப்புச் சொல் ஒன்று பிறக்கும். அந்தக் கணமே அவர் ஓடத் தொடங்குவார். ஊழியன் சட்டென்று விலகி முன்னே ஓடி, சுமார் இருபது அடி தொலைவில் அவர் விழாதபடி தாங்கிப் பிடிப்பான்.

சில வரிகளே கொண்ட இச்சிறு பகுதியை நூலின் மிகச் சிறந்த இடம் என்று நாம் சொல்வோம். தோளைத் தொட்ட கை, உடலின் அசைவு, ஒரு சொல் ஆகிய மூன்றும் சேர்ந்து, அசைய மறுத்த கால்களை அசைத்துவிட்டன. மருந்தில்லை, கத்தியில்லை, எந்த இயந்திரமும் இல்லை. வெளியிலிருந்து வந்த ஒரு தூண்டுதல் போதியதாயிற்று.

ஐந்தாம் அதிகாரத்தின் குறை

இத்துணை நுட்பமாகக் கண்டவர் சிகிச்சை என்று வரும்போது என்ன கூறுகிறார்? நோயின் இருப்பிடம் கழுத்தையொட்டிய முதுகுத்தண்டின் மேற்பகுதி என்று ஊகிக்கிறார். ஆதலால் கழுத்தின் மேற்புறத்திலிருந்து இரத்தத்தை வெளியேற்ற வேண்டும்; அவ்விடத்தில் கொப்புளம் எழுப்பும் மருந்தைப் பூச வேண்டும்; புண்ணை ஆறவிடாமல் சீழ் வடியச் செய்ய வேண்டும் என்கிறார். அவர் காலத்து வைத்திய முறை அது. அதற்காக அவரைப் பழிப்பது முறையன்று. இறந்தவர் உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்புத் தமக்குக் கிட்டவில்லை என்பதையும், தாம் சொல்வது ஊகமே என்பதையும் முன்னுரையிலேயே அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த நேர்மை எல்லா ஆராய்ச்சியாளரிடமும் காணக்கிடைப்பதன்று.

ஆயினும் குறையைக் குறை என்றே சொல்லவேண்டும். ஊழியன் கைபட்டுக் கால்கள் நகர்ந்ததைத் தம் கண்ணாலேயே கண்டவர், அது எங்ஙனம் நிகழ்ந்தது என்று ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ட உண்மை ஒருபுறம் கிடக்க, காணாத காரணத்தின்மீது சிகிச்சையைக் கட்டினார்.

மற்றொரு குறையும் உண்டு. புலன்களும் அறிவும் இந்நோயால் கெடுவதில்லை என்று அவர் இலக்கணம் வகுத்தார். இன்று அதனை ஏற்பதற்கில்லை. நாளடைவில் பலருக்கு நினைவும் கவனமும் குன்றுகின்றன. நடைக்கும் இதற்கும் தொடர்பு மிகுதி. இந்நோயாளர் வெறுங்கையோடு ஒருவாறு நடந்துவிடுவார். தேநீர்க் கோப்பையை ஏந்தி நடக்கச் சொன்னாலோ, நடக்கும்போது ஒரு கேள்வி கேட்டாலோ கால் தடுமாறும். நமக்குத் தானே நிகழும் நடை, அவருக்கு ஒவ்வோர் அடியும் நினைந்து செய்யும் வேலையாகிவிடுகின்றது.

ஷார்க்கோவின் நாற்காலி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் புகழுடன் விளங்கிய பேராசிரியர் ஷார்க்கோ, பார்க்கின்சனின் நூலைத் திருத்தியும் விரித்தும் உரைத்தார். நோயாளர் எல்லாருக்கும் நடுக்கம் இருப்பதில்லை. அவர்கள் உண்மையில் வாதத்தால் செயலற்றவர்களும் அல்லர். தசை இறுகுவதும் அசைவு மந்தமாவதுமே முக்கியம் என்று காட்டினார். நடுக்குவாதம் என்னும் பெயர் பொருந்தாது எனக் கூறி, பார்க்கின்சன் பெயரையே நோய்க்குச் சூட்டினார்.

நெடுந்தூரம் புகைவண்டியிலோ குதிரை வண்டியிலோ பயணம் செய்து வந்த நோயாளிகள் தங்களுக்கு உடம்பு தேவலை என்று சொல்வதை ஷார்க்கோ கவனித்தார். வண்டியின் குலுக்கலே காரணம் என்று எண்ணி, மின்விசையால் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து அவர்களை அதில் உட்காரவைத்தார். அவர் மாணவர் கில் த லா தூரெத் தலைக்கே அதிர்வு தரும் கவசம் ஒன்றை அமைத்தார். உடலைக் கீறாமல் புறத்திலிருந்து நரம்புகளைத் தூண்டும் இன்றைய சிகிச்சைக்கு இவற்றை முன்னோடிகள் எனலாம்.

இக்கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் டாக்டர் கோட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஷார்க்கோவின் சிகிச்சையை மீண்டும் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் அதிரும் நாற்காலியில் அமர்ந்தனர். மற்றொரு பிரிவினர் அதே வகை நாற்காலியில் அதிர்வின்றி அமர்ந்து இனிய ஒலிகளைக் கேட்டனர். பயன் யாருக்கு? இரு பிரிவினருமே ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர்! ஷார்க்கோ கண்டது பொய்யன்று. நோயாளிகள் மெய்யாகவே தேறினர். ஆனால் தேற்றியது அதிர்வு என்று அவர் எண்ணியதே பிழை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கால் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இந்நோயின் மூலம் எங்குள்ளது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதியின் நரம்பணுக்கள் அழிவதை 1919-இல் டிரெட்டியாகாப் என்னும் ஆராய்ச்சியாளர் காட்டினார். அவ்வணுக்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரந்து, மூளையின் அடித்தளத்திலுள்ள நரம்புத் திரள்களுக்கு அனுப்புபவை. நோயாளியின் மூளையில் அப்பொருள் வற்றிவிடுகின்றது என்பதை 1960-இல் வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நிறுவினர். அதனை ஈடுசெய்ய லெவோடோபா என்னும் மருந்து வந்தது. 1967-இல் டாக்டர் கோட்சியாஸ் அதனை மிகுந்த அளவில் கொடுத்துப் பெரும்பயன் கண்டார். தமிழர்க்கு உரிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. நம் நாட்டு வைத்தியத்தில் வழங்கும் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர்களே.

மருந்து கையின் மந்தத்தையும் உடலின் இறுக்கத்தையும் நன்கு தளர்த்துகின்றது. ஆனால் கால் அத்துணை எளிதில் வசப்படுவதில்லை. நோய் முதிர முதிரப் பலருக்கு ஒரு விசித்திர நிலை உண்டாகின்றது. வாசற்படியைக் கடக்கும்போதும், குறுகிய இடத்தில் திரும்பும்போதும், முதல் அடி எடுத்து வைக்கும்போதும் பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டனபோல் நின்றுவிடும். உடலோ முன்னே சாயும். விழுவதற்கும் இடுப்பெலும்பு முறிவதற்கும் இது வழி. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் சிலருக்கு இந்நிலை விடுவதில்லை. மூளைக்குள் கம்பி செலுத்தி இடைவிடாது மின்தூண்டல் அளிக்கும் அறுவைச் சிகிச்சையை 1987-இல் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனபிட் குழுவினர் தொடங்கினர். நடுக்கத்தை அடக்குவதில் அது பெரும்புகழ் பெற்றது. ஆயினும் மருந்துக்கு அடங்காத நடைக்கோளாறு பெரும்பாலும் அதற்கும் அடங்குவதில்லை.

இப்படி ஒட்டிக்கொண்ட கால் சில வேளைகளில் வியப்பூட்டும் வகையில் விடுபடுகின்றது. தரையில் குறுக்குக் கோடுகள் வரைந்து அவற்றைத் தாண்டிப் போகச் சொன்னால், நகர முடியாதவர் நடந்துவிடுகிறார். ஆங்கில மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-இல் வெளியான தம் நூலில் இதனை விளக்கினார். தாளத்துக்கு ஏற்ப அடிவைத்தலும் அவ்வாறே உதவுகின்றது. உள்ளிருந்து வரவேண்டிய தூண்டுதல் தவறியபோது, கண்ணோ காதோ புறத்திலிருந்து பெற்ற தூண்டுதல் வேறு வழியாகக் காலுக்கு எட்டுகின்றது என்று அறிஞர் கருதுகின்றனர். பார்க்கின்சன் கண்ட ஊழியனின் கை செய்த வேலையும் இதுவே.

மண்டையைத் திறவாத வழி

காந்தச் சுருள் எங்ஙனம் வேலை செய்கின்றது? மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்ததே இதற்கு அடிப்படை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் என்பவரும் அவர் குழுவினரும் கம்பிச் சுருள் ஒன்றைத் தலைமேல் வைத்து, அதனூடே நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் வலிய மின்சாரத்தைப் பாய்ச்சினர். மண்டையோட்டைத் தாண்டிய காந்தப்புலம் மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டத்தை எழுப்பிற்று, கைவிரல்கள் துடித்தன. வலியோ வெட்டோ இல்லை.

மற்றொரு முறை இன்னும் எளியது. உப்புநீரில் நனைத்த இரு பஞ்சுத் தகடுகளைத் தலையில் பொருத்தி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் அளவான நேர்மின்னோட்டத்தைச் சுமார் இருபது நிமிடம் செலுத்துவர். இது நரம்பணுவை நேரே இயக்குவதில்லை; இயங்குவதற்கு ஆயத்தமான நிலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது. ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் நிட்செ, பாலஸ் என்னும் இருவர் 2000-ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுபடுத்தினர்.

இங்கே ஒரு தடையை மறக்கலாகாது. வழக்கமான காந்தச் சுருளின் விசை மண்டைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமே எட்டும். நோயின் மூலமோ அதனினும் ஆழத்தில் இருக்கின்றது. ஆகவே சுருள் வேரைத் தொடுவதில்லை. கிளையைத் தட்டி வேரை அசைக்கப் பார்க்கின்றது. அதிலும் கையை ஆளும் பகுதி மூளையின் புறப்பரப்பில் இருக்க, காலை ஆளும் பகுதி மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவேயுள்ள பிளவுக்குள் மறைந்திருக்கின்றது. கையைத் தூண்டுவதைவிடக் காலைத் தூண்டுவது கடினம் என்பது இயற்கையே வைத்த தடை.

சோதனைகள் சொல்வது

1994-இல் பாஸ்குவல் லியோன் குழுவினர் காந்தத் தூண்டலின்போது நோயாளிகளின் கையசைவு விரைவடைந்தது என்று அறிவித்தனர். ஐந்தாண்டுகள் கழித்து மற்றொரு குழு அதே சோதனையைச் செய்தபோது அப்பயன் காணப்படவில்லை. இத்துறையின் வரலாறு முழுவதற்கும் இதனை முன்மாதிரி எனலாம்: முதலில் சிறு கூட்டம், பெரிய நம்பிக்கை, பிறகு பெரிய கூட்டம், சிறிய பயன்.

நடையைக் குறித்த சோதனைகளில் 2006-இல் வெளியான லோமரேவ் குழுவினரின் ஆராய்ச்சி குறிப்பிடத்தக்கது. 18 நோயாளிகளுக்கு நான்கு வாரங்களில் எட்டு முறை தூண்டல் அளித்தபோது நடைவேகம் கூடியது. பயன் ஒரு மாதமேனும் நிலைத்தது. ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 106 பேரிடம் நடத்திய சோதனை 2013-இல் வெளியாயிற்று. வினாடிக்கு ஒரு துடிப்பு வீதம் மெதுவாகத் தூண்டப்பட்டவர்கள் இருபதாம் வாரத்திலும் தேறிய நிலையில் இருந்தனர். விரைவாகத் தூண்டப்பட்டவர்களும், தூண்டாமலே தூண்டுவதுபோல் பாவனை செய்யப்பட்டவர்களும் தொடக்கத்தில் தேறினர், அத்தேற்றம் நிலைக்கவில்லை. பாவனைக்கும் பயன் இருந்தது என்பதை நோக்குக.

நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பொருந்துவது மின்னோட்டச் சோதனை ஒன்று. கால் ஒட்டிக்கொள்ளும் நோயாளிகள் 20 பேரிடம், அசைவை ஆளும் பகுதியையும் கவனத்தை ஆளும் முன்மூளைப் பகுதியையும் ஒருசேரத் தூண்டியபோது அந்நிலை குறைந்தது என்று டாகன் குழுவினர் 2018-இல் கூறினர். நடையில் கவனத்துக்குப் பங்குண்டு என்பதை உணர்ந்து வகுத்த அருமையான திட்டம் இது. அதனையே 77 பேரிடம் பல வாரம் நடத்தி 2021-இல் மானர் குழுவினர் முடிவை வெளியிட்டனர். சோதனைக்கென முன்கூட்டியே குறித்துக்கொண்ட முதன்மை அளவையில், மெய்த் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் வேறுபாடு இல்லை! ஆனால் துணை அளவைகளில், மெய்த் தூண்டல் பெற்றவர்கள் தங்கள் தொல்லை குறைந்ததாகச் சொன்னார்கள். அன்றாடம் நடந்த அடிகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. தோல்வி என்பதா, வெற்றி என்பதா? முதன்மை அளவை தவறியபின் துணை அளவையைக் கொண்டு வெற்றி முழங்குவது நேர்மையன்று. அடுத்த சோதனைக்கு அதனை வினாவாக வைத்துக்கொள்வதே முறை. முழக்கமின்றி எழுதிய அவ்வாராய்ச்சியாளர்களைப் பாராட்ட வேண்டும்.

போலித் தூண்டல் பயன் தருவது எப்படி? இது வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குவதற்கில்லை. சிகிச்சை பெறுகிறோம் என்னும் எதிர்பார்ப்பே இந்நோயாளிகளின் மூளையில் டோபமின் சுரக்கச் செய்கின்றது என்று 2001-இல் கனடாவில் கண்டறிந்தனர். 2006-இல் ஸ்ட்ராபெல்லா குழுவினர் போலிக் காந்தத் தூண்டலும் அவ்வாறே செய்வதைப் படம் பிடித்துக் காட்டினர். எப்பொருள் வற்றியதால் நோய் வந்ததோ அப்பொருளையே நம்பிக்கை சிறிது சுரக்க வைக்கின்றது. ஆதலால் மற்ற நோய்களைக் காட்டிலும் இந்நோயில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பாராத எந்த ஆராய்ச்சியையும் ஏற்கக்கூடாது. சுருள் தட்டும் ஓசையையும் தலையில் விழும் தட்டலையும் அப்படியே போலி செய்வது எளிதன்று என்பதால், தமக்குக் கிடைத்தது மெய்யா போலியா என்று நோயாளி ஊகித்துவிடும் அபாயமும் உண்டு.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்த ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று 2020-இல் தன் கருத்தை வெளியிட்டது. இருபக்க அசைவுப் பகுதிகளுக்கும் விரைவான காந்தத் தூண்டல் அளித்தால் நோயின் அசைவுக் குறைகளுக்குப் பயன் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. ‘உறுதியான பயன்’ என்னும் முதல் வகுப்பில் அதனைச் சேர்க்கவில்லை. அசைவுக் குறைகள் என்று பொதுவாகச் சொன்னதையும் கவனிக்க வேண்டும்.

எதை அளந்தார்கள்?

நம் முக்கியக் குற்றச்சாட்டு இங்கேதான் எழுகின்றது. இந்நோயின் அசைவுக் குறைகளை அளப்பதற்கு உலகமுழுதும் ஓர் அட்டவணையைக் கையாள்கின்றனர். அதன் அசைவுப் பகுதியில் 33 மதிப்பெண் இடங்கள் உள்ளன. இடத்துக்கு 4 வீதம் மொத்தம் 132. அவற்றுள் நடைக்கென ஓர் இடம். கால் ஒட்டிக்கொள்வதற்கு ஓர் இடம். ஆக இரண்டு இடங்கள், 8 மதிப்பெண்கள்! எழுந்து நிற்பதையும் நிலை தடுமாறாமையையும் உடல் வளைவையும் சேர்த்தாலும் 20-க்கு மேற்போவதில்லை. விரலும் மணிக்கட்டும் சற்றே விரைந்தால் மொத்த மதிப்பெண் குறைந்துவிடும்; நோயாளியோ வாசற்படியில் நின்றபடி நிற்பார். ‘மதிப்பெண் குறைந்தது’ என்னும் செய்தியை ‘நடை திரும்பியது’ என்று படிப்பவர் ஏமாந்து போவார்.

நடையையே அளந்த ஆராய்ச்சிகளிலும் ஒரு தொல்லை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வது வழக்கமான சோதனை. மருத்துவமனையின் அகன்ற தாழ்வாரத்தில், மருத்துவர் கண்முன்னே, முழுக் கவனத்தோடு நடக்கும்போது ஒட்டிக்கொள்ளாத கால், வீட்டுக் குளியலறை வாசலில் ஒட்டிக்கொள்கின்றது. இந்நோயில் இது பலரும் அறிந்த முரண்பாடு. பார்க்கின்சனிடம் கருவி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நடையைத் தெருவில் பார்த்தார். கருவிகள் மிகுந்த நாம் நடையைத் தாழ்வாரத்தில் பார்க்கிறோம். உடம்பில் அணியும் சிறு கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே அடிகளை எண்ணும் முறை இப்பொழுது பரவிவருவது ஆறுதலான செய்தி.

இரண்டாவது குற்றச்சாட்டு, சுருளைப் போலிச் சுருளோடு ஒப்பிட்டவர்கள் ஊழியன் கையோடு ஒப்பிட்டது குறைவு என்பது. 153 நோயாளிகளுக்கு அவரவர் வீட்டிலேயே தாளம் முதலிய குறிப்புகளைக் கொண்டு நடைப்பயிற்சி அளித்த ஐரோப்பிய ஆராய்ச்சி 2007-இல் வெளியாயிற்று. நடை ஓரளவு தேறியது. பயிற்சி நின்றதும் பயன் தேய்ந்தது. நம் நாட்டுப் பூந்தோட்டங்களில் காலை வேளையில் சீனப் பெரியவர்கள் செய்யும் தாய்ச்சிப் பயிற்சியை அமெரிக்காவில் 195 பேரிடம் வகுத்து நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடலின் நிலைப்பாடு உயர்ந்தது, விழுதலும் குறைந்தது. பயிற்சி நின்று மூன்று மாதமாகியும் பயன் நீடித்தது. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. சுருள் இவற்றினும் சிறந்ததா, அல்லது இவற்றோடு சேர்ந்தால் பயனைக் கூட்டுமா என்பதே பயனுள்ள வினா. தூண்டலையும் நடைப்பயிற்சியையும் இணைத்துச் செய்யும் சோதனைகள் சில ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன; அவை செல்லும் திசை சரியானதே.

முடிவுரை

காந்தச் சுருளைப் பழிப்பது நம் நோக்கமன்று. மண்டையைத் திறவாமல் மூளையோடு பேசும் வழி ஒன்று கிடைத்திருப்பது மனித அறிவின் பெருஞ்செயல். தகுந்தவர் கையில் அதன் ஆபத்தும் குறைவே. வலிப்பு நோய் உள்ளவர்களையும் தலைக்குள் உலோகமோ மின்கருவியோ உள்ளவர்களையும் விலக்கிவைத்தல் வேண்டும். ஆனால் நடைக்கோளாற்றுக்கு அது கைகண்ட மருந்து என்று இன்று எவரேனும் விலை பேசினால், மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். அளந்தது மொத்த மதிப்பெண்ணையா, நடையையா? ஒப்பிட்டது எதனோடு? எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார்கள்? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்கும்வரை, உள்ள மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வதும், பயிற்றுநரிடம் நடை பழகுவதும், வீட்டு வாசலில் கோடு கிழித்துவைப்பதும் கைவிடத்தக்கவை அல்ல.

பார்க்கின்சன் கண்டதைக் கண்டபடி எழுதினார். கருதியதைக் கருத்து என்றே குறித்தார். அதனால் அவர் சிகிச்சை மறைந்தபின்னும் அவர் நூல் மறையவில்லை. இன்றைய ஆராய்ச்சியாளர் அவரிடம் கற்கவேண்டியது அந்த ஒழுக்கத்தை. அவர் தவறவிட்டதையும் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். தோளில் வைத்த கையும் ஒரு சொல்லும் நின்ற காலை ஏன் நகர்த்தின என்பது இன்னும் முழுதும் விளங்காத வினா. அதற்கு விடை காண்பவர், சுருளை எங்கே வைப்பது என்பதற்கும் விடை கண்டவர் ஆவார்.